யாருடைய யானை

பலகை பதினாறு.
என் பெயர் நீளம் என்று
'சிவகாமவல்லி டி/ஓ'வோடு
வெட்டிவிட்டிருந்தது மென்பொருள்.
அவருக்கும் அப்படித்தான்:
'ஹிஷாமுதீன் பின்'.
அப்பாக்கள் இருவரும் வெளியே நிற்க
நாங்கள் கைகுலுக்கினோம்.

தோ பாயோ, சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி.
குளிர்சாதனம் பதினெட்டில்.
கீழே சிங்க நடனப் பயிற்சி. முரசு நிற்கும்போதெல்லாம்
கடிகாரங்கள் கேட்டன.

ஈ நாலு.
அவர் ஈ ஆறு.
தெரியும். பிரெஞ்ச் டிபென்ஸ் தவிர வேறு ஆடமாட்டார்.
பன்னிரண்டு ஆண்டு ஆட்டங்களைத் தோண்டியிருந்தேன்,
ஈசூனில் ஏறி நியூட்டனில் இறங்கும்வரை
ஒரு வாரம், நின்றுகொண்டே.
டி நாலு, டி ஐந்து.
ஈ ஐந்துக்குத் தள்ளினேன்.
திறப்பு என்று பெயர்,
முதல் வேலை சாத்துவது.

சாத்தினால் என்ன ஆகும் என்றால்
கறுப்பின் பிஷப் ஒன்று
தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்ளும்,
தாழ்வாரம் நெடுக
தானே வாங்கி அடுக்கிய சைக்கிள்களைத் தாண்டி
மின்தூக்கிக்கு வரமுடியாத ஆள் மாதிரி.
அந்த ஆளை நம்பித்தான் வந்திருந்தேன்.

சி ஐந்து, சி மூன்று.
அவர் ராணி பி ஆறு, என் குதிரை எஃப் மூன்று.
இனி அவரும் குதிரையைத்தான் எடுப்பார்,
நாற்பத்தோரு ஆட்டத்தில் எடுத்திருக்கிறார்.

பிஷப்பை டி ஏழில் வைத்தார்.

ஒரே ஒரு கட்டம்.
பத்தொன்பது நிமிடம் அதைப் பார்த்தேன்.
அடுத்ததில் பி ஐந்துக்கு வந்து
என் பிஷப்பைக் கூப்பிட்டது.
என் ராஜாவும் யானையும் இடம் மாறிய கையோடு
இரண்டு பிஷப்புகளும்
அவர் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தன.

சிறை காலி.
நானோ இருபதாம் நகர்த்தல் வரை
அதற்குக் காவல் நின்றேன்.

நாலரைக்கு மேல் அஸர்.
தன் கடிகாரத்தை ஓடவிட்டு எழுந்து போனார்.
ஒன்பது நிமிடம், முழுக்க அவருடையது.
அதில் யோசிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
நெற்றியில் ஈரத்தோடு வந்து
குதிரையை சி நாலில் இறக்கினார்.
வெள்ளைக் கட்டம்.
பி மூன்று என்று சிப்பாயால் தட்டலாம்.
ஏ நாலில் அவருடையது முன்பே வந்து நின்றது.
வேறு என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான்
என் மிச்ச பிஷப்பைப் பார்த்தேன்.
கறுப்பிலேயே நடப்பது.
சி மூன்று, டி நாலு, ஈ ஐந்து எல்லாம் கறுப்பு,
எல்லாம் என் சிப்பாய்,
எல்லாம் என் விரல் வைத்தது.
சி ஒன்றிலிருந்து டி இரண்டு:
மூன்று மணி நேரத்தில்
அது கண்ட ஊர் அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டில் கை நீட்டினேன்.

கீழே காப்பிக்கடையில் தே ஓ கோசோங் இரண்டு,
நடுவில் அவருடைய காந்தப் பலகை.
"என் காஜா சீக்கிரமே வெளியே போயிற்று, காக்.
அதுதான் ஆட்டம்."
காஜா தெரியும், கஜம்தானே.
"உங்கள் யானையா? கடைசிவரை மூலையை விட்டு அசையவே இல்லையே!"
அவர் முழித்தார்.
பிறகு பிஷப்பைத் தூக்கிக் காட்டினார்.
மலாயில் அதுதான் யானையாம்.
சோயா பால் வாங்க வந்த நடுவர் தியோவும்
சீனத்திலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.
அன்றைக்கு என் இரண்டாவது தோல்வி.

ரயில் பிஷான் தாண்டும்போது உறைத்தது,
அப்படியானால் மாலை முழுக்க
டி இரண்டில் நான் கட்டிப்போட்டிருந்தது
ஒரு யானையை.

நாளை காலை ஒன்பதுக்கு எனக்குக் கறுப்பு.
எதிரில் யாராவது ஈ நாலு வைப்பார்கள்.
சமையலறை மேசையில்
ஒரு சிப்பாயை ஈ ஆறுக்குத் தள்ளிவிட்டு
பல் தேய்க்கப் போனேன்.
திரும்பி வந்தேன். அங்கேயே நின்றது.
சரி, நிற்கட்டும்.